பல்லவி எதற்கு?

பாட்டெழுத ஆசைப்படும் பிள்ளைகளே, சரணத்தில் எதுகையைக் கொட்டிவிட்டுப் பல்லவியை ஒப்புக்கு எழுதாதீர்கள். கும்மியைக் கவனியுங்கள். ஒருத்தி அடியெடுத்துப் பாடுவாள்; மற்றவர்கள் பல்லவியைத் திருப்பிச் சொல்வார்கள். அதற்குள் அவள் மூச்சு வாங்கி, அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஆகவே, ஒருமுறை கேட்டதுமே பல்லவி கூட்டத்தின் வாயில் ஏற வேண்டும். சொல் குறைவாயிருக்கட்டும்.

தியாகராசர் (1767–1847) ஒரே பல்லவி அடியைச் சங்கதி சங்கதியாக வளர்த்தார். சொல் மாறாது, இசைதான் விரியும். (அது கச்சேரிக்கு; கும்மிக்கு வேண்டாம்.)

சரணத்தின் கடைசி அடி, பல்லவியின் முதற்சொல்லில் இயல்பாகப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால், எவ்வளவு அழகான சரணமானாலும் வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று. பாட்டியின் கும்மிப் பாட்டில் உங்களுக்குப் பல்லவி மட்டுந்தானே தெரியும்? சரணங்கள் அவர் நெஞ்சில்தான் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டுடன் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.