திருப்பாடுகளின் மலரும் நம் வீட்டுப் பந்தலும்



மேச்சேரியைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களின் வேலிகளில், மழைக்குப்பின் மெல்லிய கொடியொன்று படர்ந்து நிற்பதை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். பாசி போன்ற பச்சை வலைக்குள் சிறிய மஞ்சள் நிறப் பழம் ஒளிந்திருக்கும். ஆடு மேய்க்கும் சிறுவர் அதைப் பறித்து வாயில் இட்டுக்கொள்வர். சிறுபூனைக்காலி என்பது அதன் பெயர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்து, நம் வேலிகளில் உரிமையோடு குடியேறிவிட்ட கொடி அது. இந்நாளில் வீட்டுத் தோட்டத்தில் ஆர்வமுள்ளோர் நாற்றுத் தேடி அலையும் ‘பேஷன் புரூட்’ அதன் நெருங்கிய உறவுக் கொடியே ஆகும்.

ஏற்காட்டிலும் உதகையிலும் கொடைக்கானலிலும் இதனைத் தாட்பூட் பழம் என்பர். இலங்கைத் தமிழர் கொடித்தோடை என்று அழகாக அழைக்கின்றனர். கேரளத்தில் சிலர் ‘ஃபாஷன் புரூட்’ என்றே சொல்லிவிடுகின்றனர். ஆனால் இப்பெயருக்கும் நாகரிகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. நம் ஆண்டவருடைய திருப்பாடுகளே இப்பெயரின் மூலம்.

மலர் சொன்ன மறைக்கல்வி

தென் அமெரிக்காவில் நற்செய்தி அறிவிக்கச் சென்ற ஸ்பானிய மறைப்பணியாளர்கள் இம்மலரைக் கண்டு வியந்தனர். நடுவில் மேலெழும் மூன்று சூல்முடிகளில் மூன்று ஆணிகளையும், அவற்றின் கீழுள்ள ஐந்து மகரந்தப் பைகளில் ஐந்து திருக்காயங்களையும், சுற்றிலும் நிற்கும் இழைகளில் முள்முடியையும், கொடியின் சுருண்ட பற்றுக்கம்பிகளில் சாட்டையையும் கண்டனர். வெளியே உள்ள பத்து இதழ்களும், பாடுகளின் வேளையில் ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் நீங்கலான பத்துத் திருத்தூதர்களைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டன. 1610-ஆம் ஆண்டில் உரோமை நகரில் யாக்கொமோ போசியோ என்பவர் திருச்சிலுவையைப் பற்றி எழுதிய பெருநூலில் இம்மலரையும் சேர்த்தார். 1753-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இவ்வினத்துக்கு ‘பாசிஃப்ளோரா’ எனப் பெயரிட்டார். பாடுகளின் மலர் என்பதே அதன் பொருள்.

இவையெல்லாம் ஒப்புமைகளே, விசுவாசத்துக்கான சான்றுகள் அல்ல. ஆயினும் எழுத்தறியாத எளியோருக்கு ஒரு பூவைக் கையில் வைத்தே மீட்பின் வரலாற்றைச் சொல்ல முடிந்தது. இன்றும் முடியும். அதற்காக விலை கொடுத்து நாற்று வாங்கவேண்டும் என்பதுகூட இல்லை. வேலியில் நிற்கும் சிறுபூனைக்காலியின் பூவைப் பறித்துப் பாருங்கள். அதே மூன்று, அதே ஐந்து, அதே முடி, சிறிய அளவில் அங்கும் இருக்கும்.

எந்த வகை நமக்கு ஏற்றது?

பாசிஃப்ளோரா இனத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. வீட்டுத் தோட்டத்துக்கு உரியவை முக்கியமாக மூன்று.

முதலாவது, ஊதா வகை. பழம் சிறியது; 35 முதல் 45 கிராம் எடை இருக்கும். இனிப்பும் மணமும் இதற்கே மிகுதி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சேர்வராயன் மலையிலும் தன்னிச்சையாகவே வளர்வது இதுதான். ஆனால் இது குளிர்ச்சியை விரும்பும் கொடி. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலிருந்து ஆசையோடு கொண்டுவந்து நம் சமவெளியில் நட்டால், இலை செழிக்கலாம். கோடை வெப்பத்தில் பூவும் காயும் குன்றிவிடும்.

இரண்டாவது, மஞ்சள் வகை. பழம் ஏறத்தாழ 60 கிராம் எடை உள்ளது, புளிப்பு மிகுதி. வெப்பத்தைத் தாங்கும். வேர்களைத் தாக்கும் நூற்புழுவையும் வாடல் நோயையும் ஊதா வகையைவிட நன்றாக எதிர்த்து நிற்கும். ஆகையால்தான் பல நாடுகளில் மஞ்சள் வகையை அடிச்செடியாகக் கொண்டு, அதன்மீது ஊதா வகையை ஒட்டுக் கட்டுகின்றனர்.

மூன்றாவது, இவ்விரண்டையும் இணைத்து உருவாக்கிய ‘காவேரி’ என்னும் கலப்பினம். இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் குடகு நாட்டுச் செட்டள்ளியில் உள்ளது. அங்கிருந்து வெளிவந்தது இக்கொடி. பழம் ஊதா நிறம், 85 முதல் 110 கிராம் வரை எடையிருக்கும், விளைச்சலும் அதிகம், நோய்களையும் ஓரளவு தாங்கும். குடகில் பிறந்து மேட்டூரில் தேங்கி நம் வயல்களை வாழவைக்கும் ஆற்றின் பெயரையே இது தாங்கியிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ! ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: கலப்பினப் பழத்தின் விதையை முளைக்கவைத்தால் தாயின் குணம் அப்படியே வராது. காவேரியைத் தண்டுத் துண்டிலிருந்தோ ஒட்டு நாற்றிலிருந்தோதான் வளர்க்க வேண்டும்.

நம் ஊர் வெப்பத்துக்கு மஞ்சள் வகையும் காவேரியும் பொருந்தும். மணத்துக்காக ஊதா வகையை விரும்புவோர், மஞ்சளின்மீது ஒட்டிய நாற்றைப் பிற்பகல் நிழல் விழும் இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பூத்தும் காய்க்காத கொடி

பந்தல் முழுவதும் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்காத மஞ்சள் கொடியைப் பார்த்து மனம் வருந்தும் குடும்பங்கள் உண்டு. உரத்தின்மீதும் நீரின்மீதும், சிலசமயம் பக்கத்து வீட்டாரின் கண்பார்வையின்மீதும்கூடப் பழி விழுகின்றது. காரணம் வேறு. ஊதா வகையின் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். மஞ்சள் வகையோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு மஞ்சள் கொடியிலிருந்து மகரந்தம் வந்தால்தான் கரு உருவாகும். ஒரே கொடியிலிருந்து வெட்டிய இரு துண்டுகளை நட்டாலும் பயனில்லை. அவை இரண்டல்ல, ஒன்றே. விதையிலிருந்து முளைத்த தனித்தனிக் கொடிகளாக இருத்தல் நலம்.

நேரமும் முக்கியம். ஊதாப் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். மஞ்சள் வகையின் பூவோ நண்பகல் அளவில்தான் விரியும், இரவில் மூடும். விரிந்த சிறிது நேரத்தில் மூன்று சூல்முடிகளும் மெல்லக் கீழே வளைந்து, மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு வரும். வளையாமல் நிமிர்ந்தே நிற்கும் பூக்களில் காய் பிடிப்பதில்லை.

மகரந்தத்தைச் சுமந்து செல்வது பெரிய கருவண்டு. காய்ந்த மூங்கிலிலும் உத்தரத்திலும் துளையிட்டு வாழ்கிறதே, அதுதான். சிறிய தேனீ மகரந்தத்தை எடுத்துச் செல்லுமே தவிர, அதன் முதுகு சூல்முடியை எட்டுவது அரிது. எனவே மரத்தைத் துளைக்கிறது என்று கருவண்டைக் கொல்ல வேண்டாம். பந்தல் ஓரத்தில் இரண்டு காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டிவைப்பதே நல்லது. பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளிப்பதையும் தவிர்க்க வேண்டும். வண்டு வராத இடத்தில், பிற்பகலில் பிள்ளைகளே ஒரு கொடியின் பூவிலிருந்து மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, மற்றக் கொடியின் பூவில் மூன்று முடிகளிலும் தடவலாம்.

நடவும் பராமரிப்பும்

ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி போதும். நம் பகுதிக்குப் பெருமை தரும் மேச்சேரிச் செம்மறியின் மக்கிய எருவை மண்ணோடு கலந்து இடுக. அதே ஆடு இளங்கன்றை மேய்ந்துவிடாதபடி முள்ளடைப்பும் வைக்க வேண்டும். நீர் அடிக்கடி தேவை. ஆனால் அடித்தண்டைச் சுற்றித் தேங்கினால் கழுத்தழுகல் வரும். கத்தரியும் தக்காளியும் நூற்புழுவால் வாடிய இடத்தில் இதனை நடவேண்டாம். புதிய கிளைகளில்தான் பூ வரும். ஆகவே அறுவடைக்குப்பின் பழைய கிளைகளைக் கழித்துவிட வேண்டும். பூவிலிருந்து பழம் கனிய இரண்டு முதல் இரண்டரை மாதம் ஆகும். பழுத்த கனி தானாகவே விழும், பறிக்கவேண்டியதில்லை. தோல் சற்றுச் சுருங்கியபின் உண்டால் இனிமை கூடும். பச்சைக் காயில் நச்சுப்பொருள் உண்டு; பிள்ளைகளைத் தடுத்து வையுங்கள். பழச்சதையைச் சர்க்கரையுடன் கரைத்து வடிகட்டிப் பானகமாக்கினால் சித்திரை வெயிலுக்கு நல்ல குளிர்ச்சி.

அண்டை வீடும் நம் பந்தலும்

நம் தெருக்களில் ஒரு வீட்டுக் கொடி மறு வீட்டுச் சுவரில் ஏறினால், அதுவே பேச்சுவார்த்தை நின்றுபோகக் காரணமாகிவிடுகிறது. மஞ்சள் கொடியோ அண்டை வீட்டுக் கொடியின்றிக் காய்க்காது. தம் பாடுகளை நம் ஆண்டவர் தமக்காக ஏற்கவில்லை, பிறருக்காகவே ஏற்றார். அப்பாடுகளின் பெயரைத் தாங்கும் மலரும் தன்னிடமிருந்து தனக்கென எதையும் பெற மறுக்கின்றது. வண்டோ, எந்த வேலி எந்தச் சமயத்தாருடையது என்று கேட்பதில்லை.

ஆதலால் ஒரு வீட்டில் இரண்டு கொடிக்கு இடமில்லையெனில், இரு வீட்டார் ஆளுக்கொன்று நடலாம். ஆடிப் பட்டத்தில் நாற்று நடும்போது, மற்றொரு நாற்றைச் சுவருக்கு அப்பால் உள்ளவர்களிடம் கொடுங்கள். பேசாமல் இருக்கும் அண்டை வீட்டாராக இருந்தால் முதலில் அவர்களிடமே கொடுங்கள். நல்ல கவனிப்பிருந்தால் ஓராண்டுக்குள் பூக்கும். ஒருவேளை அது தவக்காலமாகவும் இருக்கலாம். அப்போது சிலுவைப்பாதைக்குப் புறப்படுமுன், இரு வீட்டுப் பிள்ளைகளையும் பந்தலடியில் கூட்டி, அந்த மூன்று ஆணிகளையும் ஐந்து காயங்களையும் காட்டுங்கள்.