உழவர் கட்டிய பள்ளிக்கூடம்

போரில் வெற்றி பெற்றுத் திரும்பும் வீரனை வரவேற்க ஊரெல்லாம் திரளும். மாலையும் மேளமும் வாழ்த்துரையும் உண்டு. மாலை வாடிய பின்பு அவன் எவ்வாறு வாழ்ந்தான் என்று கேட்பவர் சிலரே. ஏரை விட்டுவிட்டுப் படைக்குப் போனவனாயின் அவன் மீண்டும் ஏரைப் பிடிப்பான்; அத்தோடு கதை முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். இன்று நான் நேயர்களுக்குச் சொல்லப் போவது, கதை அங்கே முடியாத ஓர் உழவரின் வரலாறு. அவர் பெயர் ஆல்வின் யார்க். போர்முனையில் அவர் செய்த அருஞ்செயல் ஒரே நாளில் முடிந்து போயிற்று. அதனால் வந்த புகழை அவர் எதற்குச் செலவிட்டார் என்பதே, ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அமெரிக்க நாட்டின் டென்னஸீ மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கிலே, பால் மால் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், பதினொரு குழந்தைகளுள் மூன்றாவதாக யார்க் பிறந்தார். வீடு மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய சிறு குடில். தந்தையார் உழவரும் கொல்லரும் ஆவார். வேலை செய்யக் கைகள் வேண்டியிருந்த அக்குடும்பத்தில், பிள்ளைகளுக்குப் படிப்பு என்பது வேலை இல்லாத காலத்துப் பொழுதுபோக்குப் போலவே இருந்தது. யார்க் பள்ளிக்குச் சென்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. ஏட்டுக் கல்விக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது துப்பாக்கிப் பயிற்சி. அம்மலை நாட்டில் வேட்டையாடுவது விளையாட்டன்று. வீட்டுக்கு உணவு தேடும் வழி. குண்டும் மருந்தும் விலை கொடுத்து வாங்க வேண்டியவையாதலால், குறி தவறுவதை எவரும் பொறுக்கமாட்டார்கள்.

1911-இல் தந்தை இறந்தார். தாயையும் தம்பி தங்கையரையும் காக்கும் பொறுப்பு யார்க்கின் தலைமேல் விழுந்தது. பகலில் கடுமையாக உழைத்த அவர், ஓய்ந்த நேரங்களில் குடியிலும் சூதிலும் சண்டையிலும் ஈடுபட்டார். நெருங்கிய நண்பர் ஒருவர் அத்தகைய சண்டையொன்றில் உயிரிழந்தது அவர் உள்ளத்தை உலுக்கிற்று. தாயின் கண்ணீரும் சேர, 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தீய பழக்கங்களை ஒழித்து, ஊரிலிருந்த சிறிய கிறிஸ்தவத் திருச்சபையில் சேர்ந்தார். கொல்லாமை அச்சபையார் போற்றிய நெறி.

இரண்டே ஆண்டுகளில் அந்நெறிக்குச் சோதனை வந்தது. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது; கட்டாயப் படைச் சேர்ப்பும் தொடங்கியது. தாம் போரிட விரும்பவில்லை என்று யார்க் பதிவுத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். அவர் சார்ந்த சபைக்குப் போரை மறுக்கும் தனிக் கோட்பாடு ஏட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை என்ற காரணத்தால் விண்ணப்பம் தள்ளப்பட்டது. படைப் பயிற்சி முகாமில் தம் மேலதிகாரிகளிடம் மனக்கலக்கத்தை ஒளிக்காமல் உரைத்தார். அவ்வதிகாரிகள் அவரைத் தண்டிக்கவில்லை, ஏளனம் செய்யவுமில்லை. விவிலிய நூலையே எடுத்து வைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் அவருடன் வாதித்தனர். பின்னர் ஊருக்குப் போய் எண்ணிப் பார்த்து வருமாறு விடுப்பும் அளித்தனர். யார்க் மலைக்குச் சென்று தனித்திருந்து வழிபட்டார். அமைதியை நிலைநாட்டப் போரிடுவது பிழையாகாது என்ற தெளிவோடு திரும்பி வந்தார்.

1918 அக்டோபர் 8-ஆம் நாள். இடம், பிரான்சு நாட்டின் ஆர்கான் காடு. எதிரிகளின் இயந்திரத் துப்பாக்கிகள் அமெரிக்கப் படையை முன்னேறவிடாமல் தடுத்தன. அவற்றைப் பின்புறமாகச் சென்று மடக்குவதற்குப் பதினேழு பேர் அனுப்பப்பட்டனர். யார்க் அவர்களுள் ஒருவர். ஒரு ஜெர்மானியக் கூட்டத்தை அவர்கள் எளிதில் பிடித்துவிட்டனர். அந்த வேளையில் மேட்டின் மேலிருந்த துப்பாக்கிகள் இவர்கள் பக்கம் திரும்பிச் சுட்டன. கணப்பொழுதில் அறுவர் மாண்டனர்; மூவர் காயமுற்றனர். எஞ்சிய எண்மருக்கும் தலைமை தாங்கும் பொறுப்பு, காப்ரல் பதவியிலிருந்த யார்க்குக்கு வந்து சேர்ந்தது.

இங்கேதான் மலைநாட்டு உழவரின் பழக்கம் கைகொடுத்தது. அவருடைய ஊரில் வான்கோழியை ஒரு கட்டைக்குப் பின்னால் கட்டிவைத்து, அது தலையை நீட்டும் கணத்தில் சுடும் போட்டி உண்டு. மேட்டிலிருந்தவர்கள் இவரைக் குறிபார்க்கத் தலையைத் தூக்கினால்தான் முடியும். தூக்கிய தலை ஒவ்வொன்றும் இவருக்குக் குறியாயிற்று. அப்போது ஆறு வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு வரிசையாக இவரை நோக்கி ஓடிவந்தனர். யார்க் கைத்துப்பாக்கியை எடுத்து, கடைசியில் வந்தவனை முதலில் சுட்டார். அப்படியே பின்னிருந்து முன்னாக வீழ்த்தினார். காட்டு வான்கோழிகள் வரிசையாக வரும்போது வேடர் செய்யும் முறை அது. பின்னால் வருவது விழுந்ததை முன்னால் வருவது அறியாதாதலால் வரிசை கலையாது. இதைக் கண்ட ஜெர்மானிய அதிகாரி ஒருவர், சுடுவதை நிறுத்தினால் தம்மவரைச் சரணடையச் செய்வதாக ஆங்கிலத்தில் கூறினார். திரும்பும் வழியில் மேலும் பலர் பிடிபட்டனர். முகாமை அடைந்தபோது கைதிகளின் எண்ணிக்கை 132. யார்க் மறுநாள் அவ்விடத்திற்குத் திரும்பிச் சென்று, மாண்டவர்களுக்காக, எதிரிகளையும் சேர்த்தே வழிபட்டதாகப் பின்னாளில் தம் வரலாற்றில் குறித்திருக்கிறார்.

அமெரிக்க அரசின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1919 மே மாதம் தாயகம் திரும்பிய ஸார்ஜெண்ட் யார்க்கை நியூயார்க் மாநகர் கொண்டாடியது. நாடக மேடையில் தோன்றவும், திரைப்படத்தில் நடிக்கவும், விற்பனைப் பொருள்களுக்குத் தம் பெயரை வழங்கவும் பெருந்தொகை பேசி அழைத்தார்கள். படைவீரனின் உடை விற்பனைக்குரியதன்று என்று கூறி அவர் அனைத்தையும் மறுத்தார். ஊருக்குப் போய், ஜூன் 7-ஆம் நாள், தமக்காகக் காத்திருந்த கிரேஸியை மணந்து, மீண்டும் நிலத்தில் இறங்கினார்.

அன்பர்கள் சிலர் அவருக்குப் பண்ணையொன்றைப் பரிசாக அளிக்க நன்கொடை திரட்டினர். ஆர்வம் தணிந்ததும் நன்கொடையும் தணிந்தது. விலையில் ஒரு பகுதி கடனாக யார்க்கின் தலையிலேயே விழுந்தது. அவ்வேளை விளைபொருள்களின் விலையும் சரிந்தது. பரிசு சுமையாயிற்று. ஆயினும் அவர் மனம் தம் பண்ணையோடு நின்றுவிடவில்லை. படைக்குப் போனதால் அவர் வெளியுலகைக் கண்டார். சாலையும் கல்வியும் ஒரு மக்களை எவ்வளவு உயர்த்தும் என்பதை அங்கே அறிந்தார். தம் மலைநாட்டுப் பிள்ளைகளும் தம்மைப்போலவே எழுத்தறிவு குன்றியவர்களாய் வளர்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆகவே ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவு ஆற்றினார். கூட்டத்தார் போர்க் கதை கேட்க வந்தனர். அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசினார்.

1926-இல் ஜேம்ஸ்டவுன் நகரில் அவர் பெயரால் வேளாண்மைக் கல்விக்கூடம் உருவாயிற்று. பகைவரை வென்றவருக்கு உள்ளூர்ப் பிரமுகர்களை வெல்வது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பள்ளி எங்கே அமைவது, யார் பொறுப்பில் நடப்பது என்பதில் நெடுங்காலம் பூசல் நிகழ்ந்தது. பணம் போதாத காலத்தில், தொலைவிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பேருந்து வசதி செய்யவும், ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் யார்க் தம் நிலத்தையே அடகு வைத்தார். சம்பள நாளன்று பெட்டியில் பணமில்லாத பள்ளியின் நிலையைப் பள்ளி நிர்வாகம் செய்தவர் அறிவர். அதற்காகத் தம் சோற்றுக்குரிய நிலத்தை ஈடு வைத்த ஓர் உழவரை நினைக்கையில் என் தலை தானே தாழ்கிறது. 1936-இல் அவர் தலைமைப் பொறுப்பினின்று விலகினார். மறு ஆண்டு மாநில அரசு பள்ளியைத் தன் பொறுப்பில் ஏற்றது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரைப்படத்தை மறுத்து வந்தவர் இறுதியில் இசைந்ததும் கல்வியின் பொருட்டே. சமயக் கல்விக்கென ஒரு பள்ளி நிறுவ அப்பணம் உதவும் என்று எண்ணினார். 1941-இல் வெளியான அப்படம் பெரும் வெற்றி பெற்றது. அதில் நடித்த கேரி கூப்பருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. யார்க்குக்குக் கிடைத்தது வருமான வரித் தொல்லை. வந்த பணத்தில் பெரும் பகுதியை அவர் வழங்கிவிட்டிருந்தார். வட்டியோடு சேர்ந்த வரி வளர்ந்துகொண்டே போயிற்று. 1954-இல் பக்கவாத நோயும் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1961-இல்தான், வரித் தொகை பெரிதும் குறைக்கப்பட்டு, பொதுமக்கள் தந்த நன்கொடையால் வழக்குத் தீர்ந்தது. 1964 செப்டம்பர் 2-ஆம் நாள் தமது 76-ஆம் வயதில் யார்க் மறைந்தார். பிறந்த பள்ளத்தாக்கிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ஒரு நாள் வீரத்திற்கு உலகம் பதக்கம் அளித்தது. பல ஆண்டுகள் கடனோடும் பூசலோடும் நடத்திய கல்விப் பணிக்கு அத்தகைய பதக்கம் எதுவும் இல்லை. எனினும் ஜேம்ஸ்டவுனில் அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது; மலைநாட்டுப் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். தமக்குக் கிட்டாத ஒன்றைப் பிறர் பிள்ளைகளுக்குக் கிட்டச் செய்வதைவிடப் பெரிய கொடை ஏது? போர்முனையில் அவர் ஆண்மையைக் காட்டினார் என்பது உண்மையே. அடகுச் சீட்டில் கையெழுத்திட்ட அன்றும் அவர் காட்டியது அதே ஆண்மைதான்.