உதவித்தொகை: கேட்டுப் பெறுவது எது, போட்டியிட்டு வெல்வது எது?

கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகையைப் பற்றி நம் வீடுகளில் பரவலாக இருக்கும் எண்ணம் இதுதான்: கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்த எண்ணத்தாலேயே தகுதியுள்ள பிள்ளைகள் வர வேண்டிய பணத்தை இழக்கிறார்கள். உதவித்தொகைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. தகுதி இருந்தாலே அரசு தந்தாக வேண்டியவை ஒரு வகை. குறைந்த இடங்களுக்குப் பலர் போட்டியிட்டுப் பெறுபவை இன்னொரு வகை. முதல் வகையைச் சலுகை என்று நினைத்துக் கேட்கத் தயங்குகிறோம். இரண்டாவதை லாட்டரி என்று நினைத்துக் கடைசி வாரத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். உரிமையானதை விடாமல் கேட்கவும், போட்டியானதற்கு ஓராண்டு முன்பே ஆயத்தமாகவும் பழகிக்கொண்டால் நிலைமை பெருமளவு மாறும்.

உரிமையாக வருபவற்றை முதலில் பார்ப்போம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இதைப் பெறலாம். ஒன்றிய, மாநில அரசுகள் செலவை 60-க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகிறவர்களுக்காக 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேருகிறவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. இவற்றில் எதற்கும் பக்கத்து இருக்கை மாணவரை முந்த வேண்டியதில்லை. தகுதியைக் காட்டினால் போதும். அலுவலகத்தில் ஒருவர் இந்தப் பணத்தைத் தருவது கருணை அல்ல, கடமை.

ஆனால் தகுதியைக் காட்டுவதில்தான் சிக்கல். தமிழ்ப் பெயர்களில் அடிக்கடி வரும் ஒரு தொல்லை முன்னெழுத்து. மதிப்பெண் சான்றிதழில் ‘செல்வி க.’, ஆதாரில் ‘செல்வி கண்ணன்’, வங்கிப் புத்தகத்தில் ‘க. செல்வி’ என்று இருந்தால் மனிதருக்கு ஒருவராகத் தெரிபவர் கணினிக்கு மூவராகத் தெரிவார். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று வங்கிக் கணக்கு. ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்துவிட்டாலே உதவித்தொகை அந்தக் கணக்குக்கு வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் நேரடிப் பணப் பரிமாற்றம், தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்பிசிஐ) பதிவில் உள்ள வங்கியைத்தான் தேடிப் போகும். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் அந்தப் பதிவில் இருக்கும். கல்லூரி வளாகத்தில் முகாம் போட்டுப் புதுக்கணக்கு திறந்து கொடுத்தவர்கள் அதை ஆதாரோடு இணைத்திருந்தால் பணம் அந்தக் கணக்குக்குப் போய்விடலாம். மாணவரோ பழைய பாஸ்புக்கை நாள்தோறும் பதிவு செய்து பார்த்து ஏமாந்துகொண்டிருப்பார். தம் ஆதார் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சேர்க்கை முடிந்த முதல் மாதத்தில் பெயரையும் கணக்கையும் சரிசெய்துவிட்டால் ஆண்டின் பாதிக் கவலை தீர்ந்தது.

இதையெல்லாம் மாணவர் ஏன் சுமக்க வேண்டும், அரசே எளிதாக்கக் கூடாதா என்று கேட்பது நியாயம். சரிபார்ப்பு இறுகியதற்கும் காரணம் இருக்கிறது. சிறுபான்மையினர் நல அமைச்சகம் தன் உதவித்தொகைத் திட்டத்தில் ஆய்வு செய்த 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை, இயங்காதவை அல்லது ஓரளவு போலியானவை என்று 2023-இல் தெரியவந்தது. ஐந்து ஆண்டுகளில் 144 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கணக்கிடப்பட்டு வழக்கு சிபிஐ-க்குப் போனது. மாணவர் பெயரில் இடையில் இருந்தவர்கள் தின்ற பணம் அது. அதைத் தடுக்க வந்த முகப் பதிவும் இரட்டைச் சரிபார்ப்பும் தேவையானவைதான். ஆனால் திருடியது நிறுவனங்கள், அலைவது மாணவர்கள் என்ற நிலையை ஏற்க முடியாது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் மாணவர் அனுப்பும் விண்ணப்பத்தைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவர் குறிப்பிட்ட நாளுக்குள் பார்க்கவில்லை என்றால் நூறு விழுக்காடு தகுதியுள்ள விண்ணப்பமும் செத்துப்போகும். குறை இருக்கிறது என்று அவர் திருப்பி அனுப்பினால் கடைசித் தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்று என்று இருந்துவிடாமல் வாரம் ஒருமுறை உள்நுழைந்து விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கல்லூரி அளவில் நிலுவை என்று காட்டினால் அன்றே எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

எழுத்துமூலம் கேட்பதற்குச் சட்டத்தின் துணை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிகள், மாணவருக்குரிய உதவித்தொகையைத் தராமல் இருப்பதையும் தாமதிப்பதையும் குறையாகவே வரையறுக்கின்றன. கட்டணத்துக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் அப்படியே. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகாரின் மீது அது 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவு இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசு அலுவலகத்தில் கோப்பு தூங்கினால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு, ‘என் விண்ணப்பம் எந்த நாளில் யாரிடம் வந்தது, இன்று யாரிடம் உள்ளது, நிராகரித்திருந்தால் எந்த விதியின்படி’ என்று மூன்று கேள்விகள் கேட்டால் 30 நாட்களில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘புகார் கொடுத்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்களே’ என்ற அச்சம் உண்மையானது. அதனால்தான் ஒருவர் தனியாகக் கொடுப்பதைவிட, ஒரே நிலையில் உள்ள பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலும் வாங்கிவிடுவது நல்லது.

போட்டித் தொகைகளின் இயல்பு வேறு. கல்லூரி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகையில் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் 80 பெர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000, முதுநிலைக்கு 20,000 ரூபாய். ஆய்வுப் படிப்புக்குப் போகிறவருக்கு நெட் தேர்வின் வழியே வரும் ஜேஆர்எஃப் பெல்லோஷிப்பில் மாதம் 37,000, பின்னர் 42,000. வெளிநாட்டுப் படிப்புக்கு ஃபுல்பிரைட்-நேரு, செவனிங், எராஸ்மஸ் முண்டஸ் போன்றவை. இவற்றில் யாரும் யாரிடமும் உரிமை கோர முடியாது. ஆனால் விதிகள் முன்கூட்டியே வெளியாகிவிடுகின்றன. அதுவே மாணவருக்கு இருக்கும் பெரிய வாய்ப்பு. செவனிங்குக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்பதை இறுதியாண்டில் அறிபவருக்கும் முதலாண்டில் அறிபவருக்கும் வழியே வேறு. அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைக்கால ஆய்வு பெல்லோஷிப்புக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். மே மாத விடுமுறையில் தேடுகிறவருக்கு அது கிடைக்காது.

ஆவணத்திலும் முன்யோசனை வேண்டும். மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழை வைத்து ஒன்றிய அரசின் ஓபிசி இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கிரீமிலேயரில் இல்லை என்பதைக் காட்டும் ஓபிசி சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும், அது நடப்பு நிதியாண்டுக்கும் பொருந்த வேண்டும். கையில் சாதிச் சான்று இருக்கிறதே என்று தைரியமாக இருந்து நெட் விண்ணப்பத்தின் கடைசி நாளில் தவித்துப்போகிறவர்கள் உண்டு. பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கதி. பேராசிரியரிடம் கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது கேட்டால் ‘ஒழுக்கமான மாணவர்’ என்ற ஒரு வரிதான் வரும். ஒரு மாதம் முன்பே போய், செய்த புராஜெக்ட், எழுதிய கட்டுரை, விண்ணப்பிக்கும் திட்டம் எதைத் தேடுகிறது என்ற குறிப்பு ஆகியவற்றைக் கொடுத்தால்தான் அவருக்கும் எழுதச் செய்தி கிடைக்கும். நோக்க உரையில் ‘சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்’ என்று எல்லோரும் எழுதுவதை விட்டுவிட்டு, எந்தக் கேள்வி நம்மைத் தொந்தரவு செய்கிறது, அதற்கு இதுவரை என்ன செய்தோம், இந்தப் பணம் வந்தால் அடுத்து என்ன செய்வோம் என்று எழுதினால் தேர்வாளர் நின்று படிப்பார்.

இந்தப் போட்டித் தொகைகள் ஆங்கிலமும் பின்புலமும் உள்ள நகரத்துப் பிள்ளைகளுக்குத்தானே என்பார்கள். பின்புலம் உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவியில் பெரும்பகுதி தேதியும் முன்மாதிரியும் திருத்திக் கொடுக்க ஓர் ஆளும்தான். இந்த மூன்றையும் எந்தக் கல்லூரியும் தன் மாணவர்களுக்கு ஏற்பாடு செய்ய முடியும். எல்லோரும் விண்ணப்பித்தால் போட்டிதானே கூடும் என்ற கேள்வியும் உண்டு. கூடட்டும். இடங்களின் எண்ணிக்கை அதேதான், ஆனால் யார் பெறுகிறார்கள் என்பது மாறும். தகவல் தெரிந்த சிலருக்குள் மட்டும் நடக்கும் போட்டி திறமையை அளப்பதில்லை.

ஆசை உள்ள இடத்தில் மோசடியும் வரும். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ‘உங்கள் பெயர் தேர்வாகிவிட்டது, 2,000 ரூபாய் செயலாக்கக் கட்டணம் கட்டுங்கள்’ என்று அழைப்பு வந்தால் அது திருட்டு. பணம் வருவதற்கு ஓடிபி சொல்ல வேண்டியதில்லை, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. ஒன்றிய, மாநில அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ஜிஓவி டாட் இன் அல்லது நிக் டாட் இன் என்று முடியும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு உண்டு. ‘ஸ்காலர்ஷிப்’ என்ற பெயரில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் தரும் தள்ளுபடிக்குப் பின்னால் கடன் ஒப்பந்தம் ஒளிந்திருக்கலாம். கையெழுத்துக்கு முன் வட்டி உள்ளிட்ட மொத்தச் செலவைக் காட்டும் விவர அறிக்கையைக் கேளுங்கள். தரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். வருமானச் சான்றைக் குறைத்து வாங்கித் தருகிறேன் என்கிற தரகரையும் நம்ப வேண்டாம். பொய்ச் சான்று குற்றம். பின்னால் தெரிந்தால் பெற்ற தொகையையும் திருப்பிக் கேட்பார்கள்.

கிடைத்த பிறகும் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். மேலே சொன்ன, 82,000 இடங்கள் உள்ள ஒன்றிய அரசின் உதவித்தொகையைப் புதுப்பிக்க 75 விழுக்காடு வருகையும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் தேவை. ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை பெறுவதைப் பல திட்டங்கள் தடுக்கின்றன. செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்து இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும்.

மாணவரின் விழிப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டின் தொடக்கத்தில் திட்டங்களையும் கடைசித் தேதிகளையும் பொறுப்பு அலுவலரின் பெயரையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆண்டின் இறுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருடையதைக் கல்லூரி அனுப்பியது, எத்தனை பேருக்குப் பணம் வந்தது என்ற மூன்று எண்களையும் வெளியிட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. மூன்றுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் எங்கே தவறு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பலகை இல்லாத கல்லூரியில் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் இந்த ஆண்டே அதைக் கேட்க வேண்டும்.