தலைப்பா, பெரிய எழுத்தா? வலைப்பக்க ஒட்டுகளின் தொடக்கக் காலம்

கணினி செய்முறை வகுப்பில் 'எங்கள் பள்ளி' என்று ஒரு வலைப்பக்கம் உருவாக்கச் சொன்னால், மாணவர்கள் பலர் பள்ளியின் பெயரைப் பெரிய எழுத்தில், தடிமனாக, நடுவில், சிவப்பு நிறத்தில் அமைப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு தலைப்பு என்று கணினிக்கு அவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள். இதில் என்ன குறை? டேக் எனப்படும் ஒட்டுகள் தொகுக்கப்பட்ட கதையைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1991இல் எச்.டி.எம்.எல். ஒட்டுகளின் முதல் பட்டியலை எழுதினார். மொத்தம் 18 ஒட்டுகள். பக்கத்தின் பெயர், தலைப்புகள், பத்தி, பட்டியல், முகவரி, இன்னொரு பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் இணைப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றில் பல, செர்னில் ஆவணங்கள் தயாரிக்க ஏற்கெனவே பயன்பட்ட குறிமுறையிலிருந்து எடுக்கப்பட்டவை. எழுத்தின் நிறத்துக்கோ அளவுக்கோ அப்பட்டியலில் ஒட்டு இல்லை. அங்கே பல வகைக் கணினிகள் இருந்தன. சிலவற்றின் திரையில் எழுத்து மட்டுமே தெரியும். எனவே 'இது தலைப்பு' என்று சொல்வதே ஒட்டின் வேலை. அதை எப்படிக் காட்டுவது என்பது அந்தந்தக் கணினியின் பொறுப்பு.

படத்துக்கும் அப்போது ஒட்டு இல்லை. 1993 பிப்ரவரியில், மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன் 'ஐ.எம்.ஜி.' என்ற ஒட்டை முன்மொழிந்தார். வேறு வழிகளும் பேசப்பட்டன. ஆனால் விவாதம் முடியும்வரை மொசைக் காத்திருக்கவில்லை; அந்த ஒட்டுடனேயே வெளிவந்தது. மக்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அதை மாற்ற யாரால் முடியும்? 1995 நவம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 2.0, இப்படி ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவற்றைத் தொகுத்த முறையான தரநிலை.

அதற்குள் உலாவி நிறுவனங்களுக்கிடையே போட்டி மூண்டுவிட்டது. நெட்ஸ்கேப் 'சென்டர்', 'ஃபான்ட்', மினுமினுக்கும் 'பிளிங்க்' ஆகியவற்றைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் எழுத்துகளை ஓடவிடும் 'மார்க்கீ'யைக் கொண்டுவந்தது. 1997 ஜனவரியில் வெளியான 3.2 தரநிலை, 'சென்டர்', 'ஃபான்ட்' இரண்டுக்கும் இடம் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.0, அவற்றைத் தவிர்க்கும்படி கூறி, தோற்றத்தை நடைத்தாளிடம் ஒப்படைக்கச் சொன்னது. ஓராண்டுக்குள் இப்படி ஒரு திருப்பம்! படத்தை விவரிக்கும் 'ஆல்ட்' பண்புக்கூறையும் அது கட்டாயமாக்கியது. 'பிளிங்க்', 'மார்க்கீ' இரண்டும் இந்தத் தரநிலைகள் எதிலும் இடம்பெறவில்லை. ஆனாலும் உலாவிகள் பழைய ஒட்டுகளை எளிதில் கைவிடுவதில்லை. நம் மாணவர்கள் எழுதும் 'மார்க்கீ' இன்றும் ஓடுவது அதனால்தான்.

இப்போது அந்தச் சிவப்புத் தலைப்புக்கு வருவோம். பார்வைத்திறன் குறைந்த மாணவர் வலைப்பக்கத்தைத் திரைவாசிப்பான் வழியே காதால் படிக்கிறார். கட்டணமில்லாத என்.வி.டி.ஏ. மென்பொருளில் 'எச்' விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். 'எச்1', 'எச்2' என முறையாக ஒட்டு இட்டிருந்தால் மட்டுமே இது நடக்கும். வெறும் பெரிய எழுத்து அதற்குத் தலைப்பு ஆகாது. வேண்டிய பகுதியைத் தேட அவர் பக்கத்தை வரிவரியாகக் கேட்டாக வேண்டும். கண்ணால் படிப்பவர் ஒரே பார்வையில் கடந்துவிடும் இடம் அது.

செய்முறைத் தேர்வில் திரையின் தோற்றத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் இடும்போது இந்த வேறுபாடு நமக்கும் தெரிவதில்லை. அடுத்த முறை என்.வி.டி.ஏ.வை இயக்கி, திரையை அணைத்துவிட்டு, மாணவர்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே கேட்கட்டும். படம் வரும் இடத்தில் கோப்பின் பெயரும் எண்ணும் ஒலித்தால் வகுப்பே சிரிக்கும். 'வேப்பமரத்தடியில் காலை வழிபாட்டுக்கு நிற்கும் மாணவர்கள்' என்று 'ஆல்ட்' பகுதியில் எழுதச் சொல்ல அதுவே சரியான நேரம்.