விழுந்துடுவாங்கன்னு உட்கார வைக்காதீங்க

காரியாபட்டி, திருச்சுழி பக்கம் பல வீட்டுல பிள்ளைங்க மதுரை, சென்னை, திருப்பூர்னு வேலைக்குப் போயாச்சு. வீட்டுல அப்பத்தா, தாத்தா மட்டும்தான். இடுப்பு எலும்பு முறிஞ்சா தூக்கிவிடக்கூட ஆள் இல்ல. அதனாலதான் "பேசாம ஒரு இடத்துல உட்காரு"ன்னு சொல்றோம். பயம் நியாயமானது. சொல்ற வைத்தியம்தான் தப்பு.

உட்கார்ந்தே இருந்தா தொடையும் கெண்டைக்காலும் வலுவிழக்கும். கால் தடுக்கினா சட்டுனு அடுத்த அடியை வச்சு உடம்பைத் தாங்குறது அந்தத் தசைகள்தான்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, கீழே விழுந்து வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் இறக்குறாங்க. 60 வயசைத் தாண்டினவங்கதான் இதுல அதிகம். இதைக் குறைக்க முடியும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்துல 1990-கள்லயே வீட்டில் செய்யுற மாதிரி ஒரு பயிற்சி முறையை உருவாக்கினாங்க. கால் வலு, சமநிலை, கூடவே நடை. 2019-ல் வந்த காக்ரேன் தொகுப்பு 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. உடற்பயிற்சி செஞ்சவங்க விழுறது 23% குறைஞ்சிருக்கு. சமநிலைப் பயிற்சியோட வலுப் பயிற்சியும் சேர்ந்தப்போ சுமார் 34%. நடைப்பயிற்சி மட்டும் போதும்னு சொல்ல ஆதாரம் இல்ல. அதனால "அப்பத்தாதான் தினமும் கடைக்கு நடக்குதே"ன்னு விட்டுட முடியாது.

என்ன செய்யணும்? திண்ணையில உட்கார்ந்து, முடிஞ்சா கை ஊனாம, 10 தடவை எந்திரிக்கணும். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலை மட்டும் தூக்கி இறக்கணும். அப்புறம் ஒரு பாதத்துக்கு நேர் முன்னாடி இன்னொரு பாதத்தை வச்சு 10 விநாடி நிக்கணும். வாரத்துல மூணு நாள். பழகப் பழக ரெண்டு கைப்பிடியை ஒரு கையாக்கலாம், அப்புறம் ஒரு விரலாக்கலாம். பிளாஸ்டிக் சேரைப் பிடிக்க வேணாம், வழுக்கும். ஆரம்பத்துல பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும். தலைசுத்தல் இருந்தாலோ ஏற்கெனவே விழுந்திருந்தாலோ, முதல்ல டாக்டரைப் பார்த்துடணும். சாப்பிடுற மாத்திரையே தலைசுத்தலுக்குக் காரணமா இருக்கலாம்.

2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல, தேவைப்படுறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர்ற வசதி இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: இது ஒரு மாசக் கோர்ஸ் இல்ல. நிறுத்தினா வந்த வலு போயிடும். பல்லு விளக்குற மாதிரி, தொடர்ந்து செஞ்சுக்கிட்டே இருக்கணும்.