கொழுப்பமில நொதியைக் காட்டும் எதிர்ப்பொருள்

நாம் உண்ணும் அரிசியிலும் கிழங்கிலும் கொழுப்பு மிகச் சிறிதளவே உண்டு. எனினும், தேவைக்கு மேற்பட்ட மாப்பொருள் உடலிற் கொழுப்பாக மாறிச் சேமிக்கப்படுகிறது. இம்மாற்றத்தில் தலைமையான பங்கு கொண்டது ‘கொழுப்பமிலத் தொகுப்பு நொதி’ எனப்படும் பெரும் புரதமாகும். இது அசெட்டைல் என்னும் 2 கரியணுத் துண்டைத் தொடக்கமாகக் கொண்டு, 7 மலோனைல் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அதனுடன் இணைக்கிறது. 3 கரியணுக்களையுடைய மலோனைல் ஒவ்வொரு முறை இணையும்போதும் ஒரு கரியணு கரியமில வாயுவாக வெளியேற, சங்கிலி 2 கரியணு நீள்கிறது. ஏழாம் சுற்றின் முடிவில் 16 கரியணுக்களையுடைய பால்மிட்டிக் அமிலம் கிடைக்கிறது.

ஈரல், கொழுப்புத் திசு, பால் சுரக்கும் மார்பகம் ஆகியவற்றில் இந்நொதி மிகுதியாக உண்டு. வளர்ந்தோரின் மற்றப் பெரும்பாலான திசுக்களில் இது குறைவு. ஆனால் பல புற்றுநோய்க் கட்டிகளில் அளவு மீறிக் காணப்படுகிறது. ஆகவே, இதன் அளவை அறிவது மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுகிறது.

எதிர்ப்பொருள் பணிபுரியும் விதம்

பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து தயாரிப்பதை நாம் அறிவோம். நஞ்சைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் அவ்விரத்தத்தில் உண்டாவதே இதற்குக் காரணம். இம்முறையிலேயே நொதியையோ அதன் ஒரு பகுதியையோ முயலுக்கு அல்லது சுண்டெலிக்கு ஏற்றினால், அந்நொதியைப் பற்றும் எதிர்ப்பொருள் கிடைக்கிறது. அதனுடன் நிறம் தரும் பொருளொன்றைச் சேர்த்துத் திசுவின் மீது இட்டால், நொதி உள்ள இடம் நிறம் பெற்றுப் புலப்படும். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் வழியை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர்.

பெயர் மாறிய புரதம்

ஆயினும், எதிர்ப்பொருள் எதைப் பற்றுகிறது என்பதை அதன் பெயரைக்கொண்டு மட்டும் முடிவுசெய்தல் ஆகாது. அமெரிக்காவில் குஹாஜ்டா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஹாப்டோகுளோபினை ஒத்த இரத்தப் புரதம் ஒன்றுக்குரிய எதிர்ப்பொருளைக்கொண்டு மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளைச் சோதித்தனர். நிறம் ஏற்ற கட்டிகளை உடையோரிடம் நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு மிகுதி என 1989-இல் அறிவித்தனர். பின்னர், நிறம் ஏற்ற பொருளுக்கு ஓ.ஏ.-519 எனப் பெயரிட்டு, அதைப் புற்றணுக்களிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தனர். 1994-இல் வெளிவந்த முடிவு யாதெனில், அது கொழுப்பமிலத் தொகுப்பு நொதியே என்பதாகும்! நோயைப் பற்றிய முன்னறிவிப்பு பொய்க்கவில்லை. பொருளின் பெயரே மாறிற்று. கொழுப்பமில ஆக்கத்தைத் தடுத்துப் புற்றுநோயை அடக்கலாமா என்னும் ஆராய்ச்சிக்கு இத்திருத்தமே வழி திறந்தது.

நம்புமுன் சோதித்தல்

எதிர்ப்பொருளைச் சோதிக்கும் வழிகள் சில உள. முதலாவது, எடை பார்த்தல். புரதங்களைக் கூழ்ப்படலத்தில் மின்னோட்டத்தால் எடைவாரியாகப் பிரித்தால், இந்நொதி ஏறக்குறைய 2,70,000 டால்டன் எடைக்குரிய இடத்தில் தோன்ற வேண்டும். இரண்டாவது, தூய நொதியை எதிர்ப்பொருளுடன் முன்னரே கலத்தல். அவ்வாறு கலந்தபின் திசுவில் நிறம் ஏறலாகாது.  மூன்றாவது, இந்நொதிக்குரிய மரபணு நீக்கப்பட்ட உயிரணுக்களைச் சோதித்தல். அங்கு எதிர்ப்பொருள் எதையும் காட்டலாகாது.

இவற்றில் தேறிய எதிர்ப்பொருளும் நொதி இருப்பதையே தெரிவிக்கும். அது எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதைத் தனியே அளக்க வேண்டும்.

பள்ளியில் அயோடின் கொண்டு கஞ்சியைச் சோதிக்கும் ஆசிரியர், வெறுந் தண்ணீரிலும் ஒரு துளி இட்டுக் காட்டுவது நலம். கஞ்சி நீலமாவதோடு தண்ணீர் நீலமாகாமையையும் மாணவர் காணும்போதுதான் சோதனை முழுமை பெறுகிறது.