சோளகத்துக்குள் ஒரு மலை

கீரிமலைக்குப் போயிருப்பீர்கள். பெயரில் மலை இருக்கிறது. போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லாலான தட்டை நிலம். அதன் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தைக்கூடத் தொடுவதில்லை. ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம், அவ்வளவுதான்.

ஆனாலும் திருநெல்வேலிச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால், தடித்த ரயரும் நிறையக் கியரும் உள்ள சைக்கிள்கள் பலாலி வீதியால் போவதைக் காணலாம். அவை மலை ஏறுவதற்கென்றே உருவான சைக்கிள்கள். மலையே இல்லாத ஊரில் அவற்றுக்கு என்ன வேலை? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. மலையிலிருந்து இறங்குவது சுகம், சரி. மூச்சு வாங்க வாங்க ஏறுவதில் சிலருக்கு ஏன் அவ்வளவு ஆசை? வாருங்கள் பிள்ளைகளே, சைக்கிளிடமே கேட்போம்.

ஏற்றம் ஏன் கனக்கிறது?

உங்கள் நிறை 40 கிலோ, சைக்கிள் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 55 கிலோ. சமதரையில் இந்த 55 கிலோவையும் நிலம் தாங்கிக்கொள்கிறது. நீங்கள் அதை உருட்டினால் போதும். ஏற்றத்தில் உருட்டவும் வேண்டும், உயர்த்தவும் வேண்டும்.

ஆனால் முழு 55 கிலோவையும் ஒரேயடியாகத் தூக்க வேண்டியதில்லை. லொறியில் பாரமான பீப்பாயை ஏற்றுகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு நீளப் பலகையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் உருட்டி ஏற்றுவார்கள். பலகை நீள நீள, தள்ளும் விசை குறையும். மலைவீதியும் அப்படிப்பட்ட பலகைதான். 100 மீற்றர் ஓடினால் 5 மீற்றர் உயரும் வீதியை 5 சதவீத ஏற்றம் என்போம். அதில் உங்களைப் பின்னுக்கு இழுப்பது 55 கிலோவில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஒரு பையைத் தூக்கிப் பிடிக்கிற விசை. மலைவீதிகள் கொண்டை ஊசிபோல் வளைந்து வளைந்து போவதன் இரகசியமும் இதுவே. அவை பலகையை நீளமாக்குகின்றன.

பல்லை எண்ணுங்கள்

இப்போது வீட்டுச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பின் ரயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அந்தக் கோடு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணுங்கள். செயினுக்குள் விரல் போய்விடாமல் கவனம்!

முன் பற்சில்லில் 48 பல், பின்னே 18 பல் என்றால், 48ஐ 18ஆல் வகுக்க வரும் விடைதான் அந்தச் சுற்று: ஏறக்குறைய இரண்டே முக்கால். ரயரின் சுற்றளவு 2.2 மீற்றர் என்றால், ஒரு உழக்குக்குச் சைக்கிள் கிட்டத்தட்ட 6 மீற்றர் ஓடிவிடும். சமதரைக்கு இது நல்ல கணக்கு. ஏற்றத்துக்கோ இது பொல்லாத கணக்கு. 6 மீற்றர் ஏற்றத்தை ஒரே உழக்கில் முடி என்று காலுக்குக் கட்டளை போட்டால் கால் என்ன செய்யும், பாவம்!

மலைச் சைக்கிளில் பின்னே சாப்பாட்டுத் தட்டுப்போலப் பெரிய பற்சில்லு இருக்கும். முன்னே 30 பல், பின்னே 50 பல் என்றால், ஒரு உழக்குக்குச் சைக்கிள் ஒன்றரை மீற்றர்கூட நகராது. விசை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறையும். உழக்குகள் நாலு மடங்காகக் கூடும். கியர் வேலையைக் குறைப்பதில்லை. பெரிய கவளத்தைச் சின்னச் சின்னக் கவளமாகப் பிரித்து ஊட்டுகிறது, அம்மா ஊட்டுவதுபோல.

இந்தச் சைக்கிள்கள் பிறந்த கதையும் சுவையானது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ரமல்பாயிஸ் என்ற மலையில் சில இளைஞர்கள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களில் மலைப்பாதையால் இறங்கி விளையாடினார்கள். கியர் இல்லாத அந்தப் பாரச் சைக்கிள்களை மேலே கொண்டுபோவது பெரும்பாடு. பிறகு கியர் பூட்டினார்கள். உழக்கியே ஏறத் தொடங்கினார்கள். 1996இல் அற்லான்ரா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

ஏறுவதில் உள்ள வித்தை

கியர் மட்டும் இருந்தால் போதாது. செங்குத்தான பாதையில் உங்கள் நிறை பின் சில்லுப் பக்கம் சாய்ந்துவிடும். பின்னால் சாய்ந்து இருந்தால் முன் சில்லு குதிரைபோல் எழும்பும். பயந்து எழுந்து முன்னால் சரிந்தாலோ, பின் சில்லு பிடிப்பில்லாமல் மண்ணைக் கிளறிச் சுழலும். ஆகவே சீற்றில் இருந்தபடியே சற்று முன்னுக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்த வேண்டும். கண் முன் சில்லைப் பார்க்கக்கூடாது. நாலைந்து மீற்றர் தள்ளிப் பாதையைப் பார்க்க வேண்டும். கியரை ஏற்றம் தொடங்கமுன்னரே மாற்றிவிட வேண்டும். கல்லும் வேரும் வரும்போது எந்தப் பக்கத்தால் ஏறுவது என்று மூளை கணக்குப் போடும். கால், மூச்சு, கண், மூளை நாலும் ஒரே தாளத்தில் சேரும் அந்த நேரம்தான் ஏறுகிறவர்களைத் திரும்பத் திரும்ப மலைக்கு அழைக்கிறது.

மூச்சுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு சின்ன வசனம் பேச முடிந்தால் உங்கள் வேகம் சரி. ஒரு சொல்கூட வராவிட்டால் கியரைக் குறையுங்கள்.

எத்தனை வாழைப்பழம்?

55 கிலோவை 100 மீற்றர் உயர்த்த ஏறக்குறைய 54,000 யூல் சக்தி வேண்டும். எங்கள் தசைகள் உணவுச் சக்தியில் கிட்டத்தட்டக் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும்; மீதி வெப்பமாகப் போகும். வியர்வை வருவது அதனால்தான். இதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 100 மீற்றர் ஏற அரை வாழைப்பழம் போதும்!

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர் நீளம். அவ்வளவு தூரமும் போய் நாங்கள் ஏறுவது சுமார் 500 மீற்றர்தான். அங்கிருந்து இறம்பொடையால் நுவரெலியாவுக்குப் போகும் வீதியோ, 1,868 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. கண்டிக்கு மேல் ஏறும் அந்த உயரத்துக்கு மட்டும் ஏழு வாழைப்பழம்.

எங்கள் ஊர் மலை

இனி முதற் கேள்விக்கு வருவோம்: மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிளுக்கு என்ன வேலை? ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து நெல்லியடிக்குச் சைக்கிளில் போய்ப் பாருங்கள். போகும்போது தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது, மரமில்லாத வல்லை வெளியில் அதே சோளகம் நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். நீங்கள் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் உழக்க, 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வந்தால், உடம்பில் மோதுவது 35 கிலோமீற்றர் வேகக் காற்று. அந்த இழுவையும் ஏறக்குறைய 3 கிலோப் பையின் விசைதான். அதாவது, நாங்கள் சற்றுமுன் பார்த்த அதே 5 சதவீத ஏற்றம்! காற்றின் வேகத்தைத் திருநெல்வேலியிலுள்ள வானிலை அவதான நிலையம் அளக்கிறது. உங்கள் முழங்கால் அதற்கு முதலே அளந்துவிடும்.

சோளகத்துக்கும் மலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காற்றோடு போராடிய சக்தி காற்றிலேயே கலைந்துவிடும். மலையில் ஏறிய சக்தி உயரமாகச் சேமிக்கப்படும். 100 மீற்றர் உயரத்தில் சேர்த்த சக்தி முழுவதும் வேகமாக மாறினால் மணிக்கு 159 கிலோமீற்றர்! நல்லவேளை, காற்றும் பிரேக்கும் அதைத் தடுக்கின்றன. அதனால் இறங்கும்போது தலைக்கவசமும் நல்ல பிரேக்கும் கட்டாயம்.

கால் சக்தியை வேறொன்றாக மாற்றும் வித்தை எங்கள் ஊருக்குப் பழையது. 1990களில், மின்சாரம் இல்லாத யுத்த நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள்.

வருகிற ஆடியில் ஒரு சோதனை செய்யுங்கள். பெரியவர் ஒருவரோடு ஒரே தூரத்தைக் காற்றோடு ஒருமுறை, காற்றுக்கெதிரே ஒருமுறை ஓடி, நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். எதிர்க்காற்றில் வேகத்தை நினைக்காமல் உழக்கின் தாளத்தை மட்டும் எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று... அந்தத் தாளம் கைவந்த பிள்ளைக்கு இறம்பொடை ஏற்றம் புதிதாக இருக்காது. வல்லை வெளியில் அது பலமுறை ஏறிய மலைதானே!